வானலையிற் பேச ஓர் உரிமை

கொழும்பு மாநகரில் சட்டத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் புதுக்கடையின் பெயரும் கூடவே எழும். “அவர் புதுக்கடைக்குப் போயிருக்கிறார்” என்று ஒரு வீட்டிற் சொன்னால், சாமான் வாங்கப் போனார் என்று எவரும் எண்ணார். வழக்கொன்றின் பொருட்டுப் போனார் என்றே கொள்வர். 1656ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்ட் என்பாரின் பெயரால் இவ்விடத்தை ஹல்ஸ்டோர்ப் என்றும் அழைப்பர். நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் இங்கேதான் அமைந்துள்ளன. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று நாள்தோறும் ஆராயப்படும் இடம் இது.

இத்தகைய இடத்திலே வளரும் மாணவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வியும் சில வேளைகளில் சட்டத்தை ஒட்டியே வந்துவிடுகிறது. “சேர், வீட்டிலிருந்தபடியே வானொலிக் கருவி வைத்துப் பிற நாட்டவரோடு பேசலாம் என்கிறார்களே, அதற்குச் சட்டம் இடந்தருமா?” என்பது அவற்றுள் ஒன்று. இடந்தரும், ஆனால், கேட்டவுடன் தராது. படித்து, பரீட்சை எழுதி, தகுதியைக் காட்டிய பின்னரே தரும். அவ்வாறு பெறும் உரிமைச் சீட்டுக்கே அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் என்று பெயர். அதனைப் பெற ஆயத்தமாவது எவ்வாறு, பெற்றவர்க்கும் பிறர்க்கும் விளையும் பயன் யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

அமெச்சூர் என்பவர் யார்?

வானொலி என்றால் எம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இலங்கை வானொலியே. அங்கே அறிவிப்பாளர் பேசுவார், நாம் கேட்போம். அவருக்கு நாம் மறுமொழி சொல்ல இயலாது. அமெச்சூர் வானொலியிலோ கேட்பவரும் பேசுவார், பேசியவரும் கேட்பார். இருவரும் தத்தம் வீட்டில் தாமே அமைத்த சிறு நிலையங்களிலிருந்து உரையாடுவர். இடையே கம்பியில்லை, தொலைபேசி நிறுவனமில்லை, மாதக் கட்டணச் சிட்டையுமில்லை. ஊதியத்தின் பொருட்டன்றி, அறிவு வேட்கையாலும் ஆர்வத்தாலும் இத்தொழில் நுட்பத்தைப் பயில்பவரே அமெச்சூர் எனப்படுவர்.

நாட்டின் வானொலி வரலாறு தொடங்குவதே இத்தகைய ஆர்வலரிடமிருந்துதான். 1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறு அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே தந்தித் திணைக்களத்தார் அவ்வொலிபரப்புக் கருவியை அமைத்தனர். ஆங்கிலேயரும் இந்நாட்டவருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கை வயர்லெஸ் கழகம் என்றொரு கழகத்தையும் ஹார்ப்பர் நிறுவினார். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்திலும் கதை இதுவே. சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் என்னும் பொறியியலாளர் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கி வைத்தார். பணமுடையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அரசாங்கங்கள் வானொலியைப் பெரிதாக எண்ணுவதற்கு முன்னரே, ஆர்வலர்கள் அதனை எண்ணிவிட்டனர் என்பதற்கு இவையிரண்டுமே சான்று.

அனுமதி ஏன்?

வானவெளி எவர்க்கும் பொது. பின் அனுமதி எதற்கு என்று கேட்கலாம். தெருவும் பொதுவே, ஆயினும் வண்டி ஓட்ட அனுமதிப்பத்திரம் வேண்டுமல்லவா? ஓர் அனுப்புங்கருவி ஒழுங்காக அமையாவிடின், விமானத்தின் பேச்சையும் கப்பலின் அபாய அழைப்பையும் குலைத்துவிடக்கூடும். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியைக் குழப்புவது அதனிலும் சிறிய தீங்கு. ஆதலின் எல்லா நாடுகளும் வானலைகளைப் பங்கிட்டு, இன்ன பகுதி இன்னார்க்கு என்று வகுத்துள்ளன. அப்பங்கீட்டில் அமெச்சூர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இதனை ஆளுகிறது. 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அமெச்சூர் பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் இவ்வாணைக்குழுவின் பொறுப்பு. அனுமதியின்றி அனுப்புங்கருவியை இயக்குவது குற்றமாகும். கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் ஆணைக்குழுவின் இசைவு வேண்டும். எனவே, கருவியை முன்னர் வாங்கி, அனுமதியைப் பின்னர் தேடுவது முறையன்று.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் எம் மக்களின் உள்ளத்தில் உண்டு. அதனை மூடி மறைத்துப் பயனில்லை. போர்க்காலத்தில் வீட்டிலே கம்பிச் சுருளும் வானொலி உறுப்பும் இருப்பதே அச்சத்துக்கு ஏதுவாயிற்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமுமில்லை. பற்றறிகளுக்கும் தடை இருந்தது. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிபடியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்ட குடும்பங்கள் பல. அண்ணன் சுற்றத் தம்பி காதைக் கொடுப்பான். செய்தி முடியுமுன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அக்காலத்தைக் கண்ட தாய் ஒருத்தி, தன் மகன் “பேசும் கருவி வைக்கப் போகிறேன்” என்றால் மனங்கலங்குவது இயல்பே. போர் 2009இல் முடிந்தது. மனத்தில் ஊறிய அச்சம் அத்தனை விரைவில் முடிவதில்லை.

அத்தாய்க்கு நாம் சொல்லக்கூடிய மறுமொழி அமெச்சூர் விதிகளிலேயே இருக்கிறது. அமெச்சூர் எவரும் தம் அழைப்புக் குறியைச் சொல்லியே பேச வேண்டும். பொருளை மறைக்கும் குறிமொழி ஆகாது. வியாபாரம் ஆகாது. இசை ஒலிபரப்பவும் ஆகாது. பேசுவது எதுவாயினும், உலகத்தில் எவர் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய வெளிப்படையான பேச்சாக இருக்க வேண்டும். இரகசியமே இல்லாத பேச்சு அது. அனுமதிப்பத்திரம் உடையவர் ஒளிந்திருப்பவர் அல்லர். தம் பெயரையும் முகவரியையும் அரசாங்கத்தின் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு, வெளிச்சத்தில் நின்று பேசுபவர். இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணர்ந்தால் அச்சம் பெரிதும் நீங்கும்.

முதலிற் காது, பின்னரே வாய்

ஆயத்தம் எங்கே தொடங்க வேண்டும்? புத்தகத்திலா, கருவியிலா? காதிலே தொடங்க வேண்டும் என்பதே எமது கருத்து. குழந்தை பேசக் கற்பதும் அவ்வாறுதானே? பல மாதங்கள் கேட்டுக்கேட்டுத்தான் ஒரு சொல்லை உதிர்க்கிறது.

சாதாரணச் சிற்றலைப் பெட்டியில் அமெச்சூர்களின் பேச்சைத் தேடினால், வாத்துக் கத்துவது போன்ற குழறல் கேட்கும். மின்வலுவைச் சேமிக்கும் பொருட்டு, அலையின் நடுப்பகுதியையும் ஒரு பக்கத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒரு பக்கத்தை மாத்திரம் அவர்கள் அனுப்புவதே அதற்குக் காரணம். இதனை ஒற்றைப் பக்கப்பட்டை முறை என்பர். நீக்கிய பகுதியை ஈடுசெய்யும் வசதியுள்ள பெட்டியிலேதான் குழறல் மொழியாகத் தெளியும். அத்தகைய பெட்டி கிட்டாத மாணவர்க்கும் இன்று வழியுண்டு. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற பொது வாங்குங்கருவிகளை இணையத்தின் வழியே கைத்தொலைபேசியிலிருந்தே திருகிக் கேட்கலாம்.

கேட்கும்போது கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். நாள், நேரம், அலைப்பகுதி, கேட்ட அழைப்புக் குறி, ஒலியின் தெளிவு ஆகியவற்றைக் குறித்து வருக. நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதப் பழகுக; எமது நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஒரு மாதம் இவ்வாறு எழுதினால், பாடப்புத்தகம் சொல்லாத பலவற்றை அக்கொப்பி சொல்லும். பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் அண்மையிலுள்ளோர் மாத்திரமே கேட்பதும், இரவில் அதே பகுதியில் தொலைநாட்டார் குரல்கள் வந்து குவிவதும் புலப்படும்.

அதன் காரணமும் எளிதே. பூமிக்கு மேல் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் சில உள. அவற்றை அயனமண்டலம் என்பர். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள தாழ்ந்த அடுக்கு பகலில் மீடிறன் குறைந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கும் மறையும். அப்போது அலைகள் தடையின்றி மேலேறி, 200 முதல் 400 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அடுக்கில் வளைந்து, தொலைவிலே தரையிறங்கும். இரவானதும் தொலைதூர நிலையங்கள் எம் வீட்டுப் பெட்டிகளில் தெளிந்து கேட்டதை மூத்தோர் அறிவர். அதன் விளக்கமும் இதுவே.

மின்னியற் பாடம்

பரீட்சையில் வரும் மின்னியல், உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மாணவர்க்குப் புதியதன்று. கலைப்பிரிவு மாணவரும் வழக்கறிஞரும் வியாபாரியும் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை; பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் கற்கலாம்.

அடிப்படை ஓமின் விதியே. மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கினால் வோல்ற்றளவு வரும். 12 வோல்ற்றுப் பற்றறியை 6 ஓம் தடையோடு இணைத்தால் 2 அம்பியர் ஓடும். செலவாகும் வலு 24 வாற்று. இதை மனனம் செய்வதிலும் செய்து பார்ப்பதே சிறப்பு. 12 வோல்ற்றில் ஒரு சிறு ஒளிகாலும் இருவாயியை எரிக்க விரும்பினால், அது தனக்கென 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும் எனக் கொள்வோம். எஞ்சிய 10 வோல்ற்றைத் தாங்க 560 ஓம் தடையொன்றை இடையில் வைத்தால், 18 மில்லியம்பியர் அளவு ஓடும். விளக்கு எரியும், கருகாது. பச்சை, நீலம், கபிலம் என மூன்று நிற வளையங்கள் அத்தடையில் இருக்கும். நிறத்தைக் கண்டு பெறுமானத்தைச் சொல்லப் பழகுவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

இதே கணக்கு பின்னர் உயிர் காக்கும் கணக்காகவும் மாறும். 100 வாற்று வலுவில் அனுப்பும் வழக்கமான கருவி, பேசும் வேளையில் 13.8 வோல்ற்றில் ஏறத்தாழ 20 அம்பியரை உறிஞ்சும். உட்செல்வது 276 வாற்று, வெளிவருவது 100, மிகுதி பெரும்பாலும் வெப்பமாய் வீணாகும். 60 அம்பியர்மணி கொண்ட மோட்டார்ப் பற்றறி ஒன்று, இடைவிடாது அனுப்பினால் மூன்று மணி நேரங்கூட முழுமையாகத் தாங்காது. சுருங்கப் பேசி நெடிது கேட்பவர்க்கோ அது நெடுநேரம் ஈடுகொடுக்கும். மின்சாரம் அற்ற ஊரில் இக்கணக்கை அறிந்தவரே பயன்படுவார்.

உறுப்புகளைத் தேடுவதற்குப் புதுக்கடை வாசிகள் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்னுபகரணக் கடைகள் நிறைந்துள்ளன. மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழுதான பழைய வானொலிப் பெட்டி ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதும் நல்ல பள்ளிக்கூடமே. ஆனால் சுவர் மின்சாரத்திலிருந்து அதனைப் பிரித்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

மொட்டைமாடியில் ஒரு கம்பி

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், ஏரியல் நன்றாக இல்லாவிடில் பயனில்லை. 300ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 42 மீற்றர். அதிற் பாதி 21 மீற்றர். கம்பியில் அலை சற்றே மெதுவாக ஓடுவது போன்ற விளைவுகளால், நூற்றுக்கு ஐந்தளவு குறைத்து 20 மீற்றர் கம்பி எடுத்து, நடுவில் வெட்டி, அங்கிருந்து கருவிக்கு வடம் இறக்கினால் அரையலை ஏரியல் ஆயிற்று.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுக்குமாடியில் வசிப்போர்க்கும், புதுக்கடையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வசிப்போர்க்கும் 20 மீற்றர் நீளம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழும். 14 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்கு 10 மீற்றரும், 28 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்கு 5 மீற்றரும் போதும். நடுப்பகுதியை ஒரு கழியில் உயர்த்தி, இரு முனைகளையும் கூரைபோலச் சரித்துக் கட்டினாலும் இடம் மிச்சமாகும். மின்சாரக் கம்பிகளுக்கு அருகே ஒருபோதும் கட்டலாகாது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்கும் நாடு இது. முகில் கறுக்குமுன்னரே வடத்தைக் கருவியிலிருந்து கழற்றிவிடும் பழக்கம் வேண்டும்.

ஒலியை நாவாற் பயில்க

மோர்ஸ் தந்தி மொழி அமெச்சூர்களின் பழைய செல்வம். 2003ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய உலக வானொலி மாநாடு, அது கட்டாயம் என்ற சர்வதேச விதியை நீக்கியது. அதன் பின் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி அதனை வைத்திருக்கலாம், விடலாம். ஆயினும் மோர்ஸைக் கற்பது வீணன்று. குரல் புரியாத அளவு இரைச்சல் மிகுந்த வேளையிலும் அதன் கூர்மையான ஒலி ஊடுருவி வரும். மிகச் சிறிய வலுவே அதற்குப் போதும்.

அதைப் புள்ளியும் கோடுமாகக் கண்ணாற் கற்போர் பெரும்பாலும் இடையில் நின்றுவிடுவர். மிருதங்கம் பயிலும் பிள்ளைக்கு ஆசிரியர் முதலில் என்ன செய்கிறார்? சொற்கட்டை வாயாற் சொல்லப் பழக்குகிறார். நாவில் நின்றது பின்னர் விரலுக்கு வருகிறது. மோர்ஸும் அவ்வாறே. ‘டி-டா’ என்று ஒலித்தால் ஆங்கில முதலெழுத்து. ‘டா-டி-டி-டி’ என்றால் இரண்டாம் எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சிறு ஜதியாகக் கொண்டு, நாளுக்கு இரண்டு எழுத்து, கால் மணி நேரம் எனப் பயின்றால், மூன்று வாரத்துள் எழுத்துகள் யாவும் செவிக்குப் பழகிவிடும். வேகம் பின்னர் வரும்.

இதனோடு உரையாடல் மரபையும் கற்க வேண்டும். அழைப்பை எவரும் ஏற்கலாம் என்பதற்குச் ‘சி.கியூ.’ என்பர். இடத்தைக் குறிக்கக் ‘கியூ.டி.எச்.’, குறுக்கீட்டைக் குறிக்கக் ‘கியூ.ஆர்.எம்.’. எழுத்துகளைத் தெளிவுபடுத்த அல்பா, பிராவோ, சார்லி என்னும் சொல்வரிசை உண்டு. பேசத் தொடங்குமுன் அந்த அலைப்பகுதி வெறுமையாக இருக்கிறதா என்று கேட்டறிவது அடிப்படை நாகரிகம். பிறர் பேசும்போது இடையில் விழாமை, முறை வரும்வரை பொறுத்தல், சுருங்கச் சொல்லி விளங்கவைத்தல் ஆகிய இவை வானொலிக்கு மாத்திரமா நன்று?

பரீட்சையும் அழைப்புக் குறியும்

இலங்கையில் அனுமதிப்பத்திரம் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து செல்வது. படி உயர உயரப் பாடமும் ஆழமாகும், உரிமையும் விரியும். மின்னியல், வானொலித் தொழில்நுட்பம், சட்டவிதிகள் ஆகியன பாடத்தின் தூண்கள். பரீட்சைத் தேதி, கட்டணம், இணைக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியன காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. அவற்றை ஆணைக்குழுவிடமே கேட்டறிதல் நலம். இத்துறையினரின் அமைப்பாகிய இலங்கை வானொலிச் சங்கத்தை அணுகினால், முன்சென்றவர்களின் துணையும் கிட்டும்.

பயில்வோர்க்கு நாம் கூறும் ஒழுங்கு இது: முதல் மாதம் முழுவதும் கேட்டல், அடுத்த இரு மாதம் மின்னியலும் சிறு செய்முறைகளும், நான்காம் மாதம் அலைகளும் ஏரியலும், ஐந்தாம் மாதம் விதிகள், ஆறாம் மாதம் வினாக்களுக்கு நேரங்குறித்து விடையெழுதல். விதிகளைக் கடைசி நாளிற் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. கணக்கில் ஒரு விடை பிழைத்தால் ஒரு புள்ளி போகும்; விதி பிழைத்தால் பின்னாளில் அனுமதிப்பத்திரமே போகும்.

சித்தியெய்தி அனுமதி பெற்றவர்க்கு ஓர் அழைப்புக் குறி வழங்கப்படும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டுக் குறிகள் ‘வீ.எஸ்.7’ என்று தொடங்கின. சுதந்திரத்துக்குப் பின் ‘4எஸ்7’ என்னும் தொடக்கம் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அதன்பின் வரும் எழுத்துகள் ஒருவர்க்கே உரியவை. உலகில் வேறெவர்க்கும் அக்குறி இராது. இந்நாட்டு அமெச்சூர்களின் தொகை சிறிதாகையால், ‘4எஸ்7’ என்ற ஒலி எழுந்தவுடன் யப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பலர் ஒருங்கே கூப்பிடுவதுண்டு. புதுக்கடையின் ஒழுங்கையொன்றில் இருக்கும் இளைஞனை அவர்கள் அறியார். அவன் சாதியறியார், சமயமறியார், மொழியறியார். குறியை அறிவர், குரலை அறிவர், அவ்வளவே.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு?

இக்கேள்விக்கு விடை கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. கைத்தொலைபேசி இயங்கக் கோபுரம் வேண்டும்; கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும்; கோபுரங்களை இணைக்கும் வலையமைப்பு வேண்டும். இவற்றுள் ஒன்று வீழ்ந்தாலும் கையிலிருப்பது வெறும் பெட்டியே.

1928ஆம் ஆண்டில் இத்தாலியா என்னும் வான்கப்பல் வடதுருவத்தை அண்டிய பனிப்பரப்பில் வீழ்ந்தது. பிழைத்தோர் சிறு சிற்றலைக் கருவியால் அபாய அழைப்பை அனுப்பிக்கொண்டேயிருந்தனர். துணைக்கென நின்ற கப்பல் அதைக் கேட்கவில்லை. ஜூன் 3ஆம் நாள், ருஷ்யாவின் ஒரு கிராமத்தில், தானே செய்த வாங்குங்கருவியோடு அமர்ந்திருந்த நிக்கொலாய் ஷ்மித் என்னும் இளைஞனின் காதில் அது விழுந்தது. அவன் உடனே மொஸ்கோவுக்குத் தந்தி அடித்தான். மீட்புப் பணி வழிகண்டது. அவன் செய்தது கேட்டது ஒன்றே.

எம் தலைமுறை கண்ணாற் கண்டது 2004 டிசம்பர் 26. அன்று கடல் பொங்கி இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, கல்முனை என்று உறவினர் வாழ்ந்த ஊர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லித் தொலைபேசியை அழுத்திய கொழும்பு வீடுகள் எத்தனை! மறுமுனையில் மணி அடிக்கவில்லை. தெற்கே அம்பாந்தோட்டையும் அவ்வாறே துண்டிக்கப்பட்டது. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் தலைவராயிருந்த விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளையும் மோட்டார்ப் பற்றறிகளையும் கொண்டு செயலில் இறங்கினர். கொழும்பிற் பிரதமரின் இல்லத்திலே ஒரு நிலையம். அழிந்த கரையிலே மற்றொன்று. தொலைபேசி ஊமையான இடத்திலிருந்து தேவைகள் தலைநகரை எட்டின.

அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி அமெச்சூர் வானொலிப் பயணமொன்றின் பொருட்டு நிலையம் அமைத்திருந்தார். உலக அமெச்சூர்களோடு உரையாடிப் பதிவுகள் சேர்ப்பதே வந்த நோக்கம். பேரலை அடித்ததும் அந்நோக்கத்தை விடுத்து, தீவுகளுக்கும் பெருநிலத்துக்குமிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் பாலமாக அந்நிலையத்தை மாற்றினார். பெண்பிள்ளைகளுக்கு இது ஏன் என்று கேட்கும் பெற்றோர்க்கு இதனினும் தக்க விடை வேறு எமக்குத் தெரியாது.

இவர்களுள் எவரும் அன்று காலையில் புத்தகத்தைத் திறந்து கற்றவர் அல்லர். விபத்து வந்தபின் விதி படிக்க நேரமில்லை. ஏரியல் நீளத்தைக் கணக்கிட அமைதியில்லை. ஆண்டுக்கணக்காகப் பொழுதுபோக்கு என்று பிறர் எண்ணியதைப் பயின்று வந்தமையாலேதான் ஒரு நாள் அவர்கள் பயன்பட்டனர். அனுமதிப்பத்திரம் என்பது பேசுவதற்குக் கிடைத்த சீட்டு மட்டுமன்று. இவரை நம்பலாம் என்று நாடு எழுதிக்கொடுத்த நற்சான்று.

இந்நாட்டின் கரையோரப் பட்டினம் ஒவ்வொன்றிலும் அத்தகைய நற்சான்று பெற்ற ஒருவரேனும் இருத்தல் வேண்டும். திருக்கோணமலையில் ஒருவர், பருத்தித்துறையில் ஒருவர், மன்னாரில் ஒருவர், காலியில் ஒருவர். சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் ஒரே அலையில் ஒருவரையொருவர் குறிசொல்லி அழைப்பதைக் கேட்கும் நாள் நல்ல நாளாகும். கல்லூரிகள் தோறும் ஒரு சிறு வானொலிக் கழகம் அமைப்பது அதற்கு முதற்படி. ஒரு மேசை, ஒரு வாங்குங்கருவி, மொட்டைமாடியில் 10 மீற்றர் கம்பி, ஒரு பதிவுக் கொப்பி ஆகிய இவை போதும். உலக அமெச்சூர்களின் ஒன்றியம் 1925இல் பாரிஸ் நகரில் தோன்றிய நாளாகிய ஏப்பிரல் 18 ஆண்டுதோறும் அமெச்சூர் வானொலி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த ஏப்பிரல் 18க்குள் அந்தக் கொப்பியின் முதற் பக்கம் நிறையுமாயின், மிகுதிப் பக்கங்கள் தாமே நிறையும். பெற்றோர் இடந்தர, மாணவர் இன்றே கேட்கத் தொடங்குக.